உலைக்குள் தளரும் இறுக்கம்



உலோகத்தை வலுவாக்குவது பற்றி நம் கருத்தரங்குகள் நிறையப் பேசிவிட்டன. அதற்குள் அடைபட்டுக் கிடக்கும் தகைவைத் தணிப்பது பற்றிப் பேசியது குறைவு. கொதிகலன் செய்யும் இந்தத் திருச்சியில் அதைப் பேசாமல் வேறெங்கே பேசுவது?

ஆங்கிலேயர் ஆட்சிக்கால இந்தியாவில், ராணுவம் இருப்பில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டன. காரணம் நெடுநாள் விளங்கவில்லை. மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் 1921இல் அதைத் தெளிவாக்கினார்கள். குதிரை லாயங்களில் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, ஈரக்காற்றோடு சேர்ந்து பித்தளையைத் தாக்கியது. உறையை இழுத்து உருவாக்கும்போதே அதற்குள் தங்கிவிட்ட தகைவு, அந்தத் தாக்குதலைப் பிளவாக்கியது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் பிளவும் இல்லை. மழையை நிறுத்த முடியாது. தகைவை நீக்க முடியும். சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் போதும். பித்தளையின் கடினத்தன்மை பெரிதாகக் குறையாமலே தகைவின் பெரும்பகுதி போய்விடும். உலோகவியல் தந்த தீர்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

எஃகு வெல்டிங்கிலும் அடிப்படை இதுதான். உருகிய உலோகம் ஆறிச் சுருங்கப் பார்க்கிறது. பக்கத்துத் தகடு விடுவதில்லை. எந்தச் சுமையும் ஏற்றாத நிலையிலேயே, எஃகு நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் எல்லை வரை தகைவு ஏறி நிற்கலாம். 600 டிகிரியை ஒட்டிச் சூடாக்கும்போது எஃகின் தாங்குதிறன் குறைகிறது. அடக்கி வைத்த மீள் திரிபு, ஊர்வினால் சிறுகச் சிறுக நிரந்தரத் திரிபாக மாறுகிறது. ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நீளமே மாறும், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தகைவு தளர்ந்துவிடும். பிறகு ஆறவிடுவதிலும் நிதானம் வேண்டும். ஒருபக்கம் சீக்கிரம் குளிர்ந்தால், உலையில் போக்கிய தகைவு மீண்டும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

உலையில் வைத்தோம் என்பதே போதாது. 1965 டிசம்பரில், இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்டனில், அம்மோனியா ஆலைக்கெனச் செய்த, ஏறத்தாழ 150 மில்லிமீட்டர் தடிமனுள்ள அழுத்தக்கலம் தண்ணீர்ச் சோதனையிலேயே உடைந்தது. இரண்டு டன் எடையுள்ள துண்டு ஒன்று நாற்பது மீட்டருக்கும் அப்பால் போய் விழுந்தது. அந்தக் கலம் தகைவு தணிப்புக்கு உட்பட்டதுதான். ஆனால் குறித்த வெப்பநிலையை அது முழுமையாக எட்டவில்லை என்பது விசாரணையில் தெரிந்தது.

எல்லாத் தகட்டையும் உலைக்கு அனுப்பச் சொல்லவில்லை. மெல்லிய, சாதாரணக் கார்பன் எஃகு வேலைகள் பலவற்றுக்கு அது தேவையே இல்லை. தேவைப்படும் இடத்தில், 25 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு மணி நேரம் சூட்டில் வைப்பது என்ற வழக்கமான கணக்கைக் குறைப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. டீசல் செலவும் டெலிவரி நாளும் இங்கே துவாக்குடியின் சிறு பட்டறைகளை எப்படி நெருக்குகின்றன என்பதை அறிந்தே சொல்கிறேன்.

கட்டுரை படிக்கவிருக்கும் அனைவருக்கும் ஒரு வேண்டுகோள். உலையின் வெப்பநிலையோடு நின்றுவிடாதீர்கள். தெர்மோகப்பிளைப் பொருளின் மேல் எங்கெங்கே பொருத்தினீர்கள், மிகத் தடித்த பகுதி எத்தனை டிகிரியை எட்டியது, எவ்வளவு மெதுவாக ஆறவிட்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த விவரங்களோடு விவாதத்தைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.