கருவிகளை மாற்றுவது எப்போது?

(ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூரில் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கிராம அபிவிருத்தி என்றதும் புதிதாக என்ன வாங்கலாம் என்ற பேச்சே முதலில் எழுகிறது. வாங்கியதை எத்தனை காலம் வைத்துக்கொள்வது, எப்போது மாற்றுவது என்ற கேள்வி அநேகமாக எழுவதில்லை. ஆனால் ஊரின் பணமும் வீட்டின் பணமும் நமக்குத் தெரியாமல் கரைவது அந்த இடத்தில்தான். ஆகவே இன்று அந்தக் கேள்வியையே உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

மலைக் கிராமங்களுக்கு இது இரு மடங்கு முக்கியமான விஷயம். சமவெளியில் ஒரு மோட்டார் எரிந்தால் பக்கத்து ஊரிலேயே காயில் கட்டுபவர் கிடைப்பார். இங்கே அதைக் கழற்றி, வண்டி பிடித்து, போளூருக்கோ ஆலங்காயத்துக்கோ திருப்பத்தூருக்கோ இறக்க வேண்டும். சரிசெய்த பின் மறுபடி மேலே ஏற்ற வேண்டும். அத்தனை நாட்களும் குடத்தைச் சுமந்துகொண்டு நடப்பவர்கள் நம் வீட்டுப் பெண்களே. மறுபுறம், சாமையும் புளியும் விற்று வந்த பணம், இன்னும் நன்றாக உழைத்துக்கொண்டிருந்த கைப்பேசிக்குப் பதிலாக வாங்கிய புதியதன் தவணைக்குப் போய்விடுகிறது. மாற்ற வேண்டியதை மாற்றாததும் நஷ்டம். மாற்ற வேண்டாததை மாற்றுவதும் நஷ்டம்.

நம் முன்னோர் இந்த விஷயத்தில் தெளிவாக இருந்தார்கள். கொழு தேய்ந்துவிட்டது என்று கலப்பையை எவரும் எறிந்ததில்லை. கொழுவை மட்டும் மாற்றினார்கள். உலக்கையின் பூண் தேய்ந்தால் கொல்லரிடம் கொடுத்துப் புதுப் பூண் போட்டார்கள். தேயும் உறுப்பு வேறு, நிலைக்கும் உடல் வேறு என்று பிரித்தறிந்து, தேய்வதை எளிதில் கழற்றும்படி செய்வதே பழைய தொழில்முறை.

இன்று சந்தைக்கு வரும் பொருள்களில் பல அப்படிச் செய்யப்படுவதில்லை. சீக்கிரம் பழையதாகிவிட வேண்டும் என்று திட்டமிட்டே பொருள் செய்வதற்கு நூறு ஆண்டுச் சரித்திரம் இருக்கிறது. 1924-ஆம் ஆண்டு டிசம்பரில் சுவிட்ஸர்லாந்தின் ஜினீவா நகரில் உலகின் பெரிய மின்விளக்குக் கம்பெனிகள் 'ஃபீபஸ்' என்ற பெயரில் ஒரு கூட்டு அமைத்துக்கொண்டன. அதற்கு முன் 1,500 முதல் 2,000 மணி நேரம் வரை எரிந்த விளக்குகளின் ஆயுளை 1,000 மணி நேரத்துக்குக் குறைப்பதென அக்கூட்டு முடிவு செய்தது. அளவுக்கு மேல் எரியும் விளக்கைச் செய்த தொழிற்சாலை அபராதம் கட்ட வேண்டியிருந்தது! இரண்டாம் உலகப் போர் மூண்டபோது அக்கூட்டு குலைந்தது. அந்த எண்ணம் குலையவில்லை.

நம் காலத்திலும் ஓர் உதாரணம் உண்டு. பாட்டரி பழசான கைப்பேசிகளின் வேகத்தைத் தன் மென்பொருள் குறைக்கிறது என்று 2017-ஆம் ஆண்டு டிசம்பரில் ஆப்பிள் கம்பெனி ஒப்புக்கொண்டது. கைப்பேசி திடீரென்று அணைந்துவிடாமல் இருக்கவே அவ்வாறு செய்ததாக அது கூறியது. ஆனால் உபயோகிப்பவர்களுக்கு இதைத் தெரிவிக்காததற்காக 2020-ஆம் ஆண்டு பிரான்ஸ் தேசத்து அரசாங்கத்துறை அதற்கு 2 கோடியே 50 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. அந்தக் கைப்பேசிகளில் பாட்டரியை மட்டும் மாற்றினாலே பழைய வேகம் திரும்பியது. காரணம் தெரியாத ஒருவர், கைப்பேசியே கெட்டுவிட்டது என்றுதானே நினைத்திருப்பார்?

ஆயினும் புதியது எல்லாம் சூழ்ச்சி என்று முடிவு கட்டிவிடுவதும் தவறு. சில கருவிகள் உண்மையாகவே காலம் கடந்து நிற்கின்றன. எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்று பிரித்தறியும் வழியே நமக்கு வேண்டும். அந்த வழிக்கு ஒரு சிறந்த சான்று இந்த மலையிலேயே இருக்கிறது.

காவலூரிலுள்ள வைணு பாப்பு வானாய்வுக்கூடத்தை நீங்கள் அறிவீர்கள். அங்கே 1972-ஆம் ஆண்டு ஜெர்மனியின் கார்ல் ஸைஸ் தொழிற்சாலையில் செய்த ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி நிறுவப்பட்டது. அதே ஆண்டு வியாழன் கோளின் சந்திரனாகிய கானிமீடைச் சுற்றி மெல்லிய வாயு மண்டலம் இருப்பதற்கான அடையாளத்தையும், 1977-ஆம் ஆண்டு யுரேனஸ் கோளைச் சுற்றியுள்ள வளையங்களையும் அது காண உதவியது. 2022-ஆம் ஆண்டு அதற்கு ஐம்பது வயது நிறைந்தது.

ஐம்பது ஆண்டுகளில் வானியல் எவ்வளவோ மாறிவிட்டது. தொலைநோக்கி எப்படி ஈடு கொடுத்தது? அதன் பெரிய ஆடியும் தாங்கும் உடலும் அப்படியே இருக்க, அது திரட்டும் ஒளியை ஆராயும் கருவிகளையே பொறியாளர்கள் காலத்துக்கேற்ப மாற்றி வந்தார்கள். 1976-இலும் 1978-இலும் நிறமாலைக் கருவிகளைப் பொருத்தினார்கள். 2016-இல் பழைய நிறமாலைக் கருவியை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார்கள். 2021-இலும் ஒரு புதிய கருவி சேர்ந்தது. கலப்பையை வைத்துக்கொண்டு கொழுவை மாற்றிய அதே அறிவுதான் இது.

இனி, நம் மோட்டாருக்கும் விளக்குக்கும் கைப்பேசிக்கும் கணிப்பொறிக்கும் வருவோம். எந்தக் கருவியை மாற்ற நினைத்தாலும் நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்டுப் பார்க்குமாறு வேண்டுகிறேன்.

முதல் கேள்வி: கெட்டது கருவியா, அதன் ஓர் உறுப்பா, அல்லது வெளியே உள்ள வேறொன்றா? மோட்டார் அடிக்கடி எரிகிறது என்றால், குறைந்த மின்னழுத்தம் காரணமாக இருக்கலாம்; மூன்று ஃபேஸில் ஒன்று விட்டுப் போயிருக்கலாம்; கிணற்றில் நீர் வற்றிய பின்னும் ஓடியிருக்கலாம். காரணம் கம்பியிலும் கிணற்றிலும் இருக்க, புது மோட்டார் வாங்கி இறக்கினால் அதுவும் எரியும். ஸ்டார்ட்டரையும், நீரின்றி ஓடாமல் தடுக்கும் கருவியையும் முதலில் சரிசெய்தல் வேண்டும். கைப்பேசி விஷயத்தில் பெரும்பாலும் முதலில் தளர்வது பாட்டரியே. சாமை உமி நீக்கும் யந்திரத்தில் அரிசி உடைந்து வந்தால் முதலில் சல்லடையையும் தேயும் பாகங்களையும் பாருங்கள். யந்திரத்தைக் குறை சொல்வது பிறகு.

இரண்டாவது கேள்வி: பழுது பார்த்தால் ஆண்டுக்கு என்ன செலவு, புதிது வாங்கினால் ஆண்டுக்கு என்ன செலவு? கணக்குக்காக ஒரு மோட்டாரின் விலை 30,000 ரூபாய் என்றும், அது பத்து ஆண்டு உழைக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 3,000 ரூபாய் ஆகிறது. பழைய மோட்டாருக்குக் காயில் கட்டவும் ஏற்றி இறக்கவும் 6,000 ரூபாய் ஆகி, அது மேலும் மூன்று ஆண்டு ஓடினால் ஆண்டுக்கு 2,000 ரூபாய்தான். பழுது பார்ப்பதே லாபம். அதே மோட்டார் ஒரே ஆண்டில் மறுபடி எரிந்தால் அந்த ஆண்டுச் செலவு 6,000 ரூபாய்; அப்போது புதிது வாங்குவதே சிக்கனம். ஆகவே "பழசு" என்றோ "இன்னும் ஓடுகிறது" என்றோ மட்டும் பார்த்துத் தீர்மானிக்கலாகாது. கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை முறை கெட்டது என்ற விவரம் கையில் இருக்க வேண்டும். வண்டிக் கூலியையும், தண்ணீர் இல்லாத நாட்களையும் கணக்கில் சேர்க்க மறக்கக் கூடாது.

மூன்றாவது கேள்வி: ஓடும்போது அது எவ்வளவு தின்கிறது? 40 வாட் குழல் விளக்கு ஒன்று சோக்கோடு சேர்ந்து ஏறத்தாழ 50 வாட் மின்சாரம் எடுக்கும். அந்த இடத்தில் 20 வாட் எல்.இ.டி. விளக்கு வைத்தால் 30 வாட் மிச்சம். இரவுக்கு 12 மணி நேரம் எரிந்தால் ஓர் ஆண்டில் ஒரு விளக்குக்குச் சுமார் 131 யூனிட். நூறு விளக்குகளுக்கு 13,000 யூனிட்டுக்கு மேல். தெருவிளக்குக்கு மின்கட்டணம் செலுத்துவது பஞ்சாயத்து. எனவே பழைய குழல் விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருந்தாலும் அதை மாற்றுவதே சரி. ஆனால் ஒரு ஜாக்கிரதை: எல்.இ.டி. விளக்கில் பெரும்பாலும் முதலில் கெடுவது உள்ளேயுள்ள டிரைவர் என்னும் மின்பகுதியே. திருகாணியைக் கழற்றி அதை மட்டும் மாற்றக்கூடிய விளக்கை வாங்கினால் சிறு செலவோடு போகும். ஒட்டி மூடிய விளக்கை வாங்கினால் முழு விளக்கையும் எறிய நேரும்.

நான்காவது கேள்வி: அதை உபயோகிப்பதில் அபாயம் உண்டா? உறை பிய்ந்த மின்கம்பி, தொட்டால் அதிர்ச்சி தரும் மோட்டார், உப்பிய பாட்டரி இவற்றில் சிக்கனம் பார்ப்பது உயிரோடு விளையாடுவதாகும்; அன்றே நிறுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத அபாயமும் உண்டு. கைப்பேசிக்கும் கணிப்பொறிக்கும் அவற்றைச் செய்த கம்பெனிகள் அவ்வப்போது பாதுகாப்புத் திருத்தங்கள் அனுப்புகின்றன. அவை நின்றுவிட்டால் கருவி முன்போலவே ஓடும். ஆனால் திருடனுக்குத் திறந்த கதவாகிவிடும். பேசுவதற்கும் வானொலி கேட்பதற்கும் அப்படிப்பட்ட கைப்பேசி போதும். பாங்கிக் கணக்கையும் பணப் பரிமாற்றத்தையும் அதில் வைத்துக்கொள்ளுதல் நன்றன்று.

பல அலுவலகங்களில் உள்ள விண்டோஸ் 10 என்ற மென்பொருளுக்கு மைக்ரோஸாஃப்ட் கம்பெனி அளித்து வந்த இலவச ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதனால் கணிப்பொறியையே தூக்கி எறிய வேண்டும் என்பதில்லை. புதிய விண்டோஸை ஏற்கும் கணிப்பொறியாயின் மென்பொருளை மட்டும் மாற்றலாம். ஏற்காததாயின், மத்திய அரசாங்கத்தின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்ற இலவச மென்பொருளை எண்ணிப் பார்க்கலாம். வரி ரசீதும் கணக்கும் அதில் தடையின்றி நடக்குமா என்று ஒன்றிய அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே முடிவு செய்க. வேகம் குறைந்ததுதான் குறை என்றால், நினைவகத்தைக் கூட்டி, பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. பொருத்தினால் பல கணிப்பொறிகள் மேலும் சில ஆண்டு உழைக்கும்.

இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை சொல்ல பஞ்சாயத்திடம் விவரம் இருக்க வேண்டும். அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பக்கம். வாங்கிய தேதி, விலை, உத்தரவாதக் காலம், பழுதான நாட்கள், பழுதுக்கான காரணம், செலவு ஆகியவற்றை எழுதி வாருங்கள். அக்டோபர் 2-ஆம் தேதி கூடும் கிராம சபையில் அதைப் படித்துக் காட்டுங்கள். எந்தக் கருவி ஊரின் பணத்தைத் தின்கிறது என்பதை அப்போது எல்லோரும் அறிவார்கள். கருவி முற்றிலும் நின்று, அவசரத்தில் கிடைத்த விலைக்கு வாங்கும் நிலையும் வராது.

வாங்கும்போதும் சில நிபந்தனைகளைக் கேட்கப் பழக வேண்டும். உதிரி பாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும்? மிக அருகில் பழுது பார்க்கும் இடம் எது? பாட்டரியைத் தனியே மாற்றலாமா? எத்தனை ஆண்டுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வரும்? இவற்றுக்குக் கடைக்காரரிடம் பதில் இல்லை என்றால், குறைந்த விலை என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள். பக்கத்துப் பஞ்சாயத்துகள் ஒரே வகை மோட்டாரையும் விளக்கையும் வாங்கினால் உதிரி பாகங்களைப் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். ஓர் ஊருக்கு அவசரம் என்றால் இன்னோர் ஊர் கொடுத்து உதவலாம். பழுது பார்க்கும் தொழிலை நம் மலைப் பிள்ளைகள் சிலர் கற்றுக்கொண்டால், கீழே இறங்கும் பணம் ஊரிலேயே தங்கும்.

பழுது பார்த்துக்கொள்ளும் உரிமை பற்றி அரசாங்கமும் முயற்சி எடுத்திருக்கிறது. மத்திய நுகர்வோர் விவகாரத்துறை 2022-ஆம் ஆண்டு ஜூலையில் இதற்கென ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24-ஆம் தேதி பழுதுபார்க்கும் உரிமைக்கான இணைய வாயில் தொடங்கப்பட்டது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் கைப்பேசி, வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் ஆகியவற்றோடு விவசாயக் கருவிகளும் ஒன்று என்பதை விவசாயிகள் கவனிக்க வேண்டும். உத்தரவாதக் காலத்திலேயே பழுது பார்க்க மறுத்தால் 1915 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் புகார் கூறலாம். தீராவிடில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை. ரசீதைப் பத்திரமாக வைத்திருப்பவருக்கே இந்த உரிமை எளிதில் பயன்படும்.

கடைசியாக, கழித்ததை எங்கே போடுவது? பாட்டரியிலும் மின்பலகையிலும் ஈயம் முதலிய நச்சுப் பொருள்கள் உண்டு. அவற்றை ஓடையில் எறிவதும், செம்புக்காகக் கம்பியை எரிப்பதும் கூடாது. செய்யாறு இந்த மலையில் பிறந்து கீழேயுள்ள ஊர்களுக்குப் போகிறது. இங்கே கலக்கும் நஞ்சு அங்கே குடிநீரில் போய்ச் சேரும். 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகள், மின்கழிவை முறையாகச் சுத்திகரிக்கச் செய்யும் பொறுப்பைப் பொருள் செய்யும் கம்பெனிகள் மீது வைத்துள்ளன. பஞ்சாயத்து ஒரு பூட்டிய அறையில் அவற்றைச் சேர்த்துவைத்து, அங்கீகாரம் பெற்றவரிடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்யலாம்.

நண்பர்களே! கருவியின் ஆயுளை விளம்பரமும் தவணைக்காரரும் நிர்ணயிக்கும்படி விட்டுவிடாதீர்கள். உழைப்பதை வைத்துக்கொள்ளுங்கள், தேய்ந்த உறுப்பை மாற்றுங்கள், தின்பதையும் அபாயமானதையும் தயங்காமல் கழியுங்கள். அடுத்த பஞ்சாயத்துக் கூட்டத்திலேயே அந்த நோட்டுப் புத்தகத்தைத் தொடங்கி, முதல் பக்கத்தில் உங்கள் குடிநீர் மோட்டாரின் பெயரை எழுதுங்கள்.