ஆறு அங்குலத்திற்கு ஓர் உரை



'உரையும் பொருளும்' என்னும் பொதுத்தலைப்பில் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றீர்கள். பரிமேலழகரையும் நச்சினார்க்கினியரையும் இம்மேடையில் இதற்கு முன்னர்ப் பலர் ஆழமாக ஆராய்ந்துவிட்டனர். எனவே உரை காணும் முயற்சி முற்றிலும் வேறோர் இடத்தில் எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை இன்று காட்ட விழைகின்றேன். அவ்விடம் ஒரு மேசை. மேசைமேல் நிற்பவர்கள் பொம்மைப் படைவீரர்கள். விளையாட்டுப் பொருளை விழா மேடைக்குக் கொண்டு வந்தானே என்று முகம் சுளிப்பவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டுகின்றேன்.

சிற்றுருப் போராட்டம் என்று இதனைச் சொல்லலாம். மேற்கு நாடுகளில் வளர்ந்த ஆட்டம் இது. கட்டைவிரல் உயரமே உள்ள வீரர்கள், குதிரைகள், பீரங்கிகள், கவச ஊர்திகள். அட்டையாலும் மரத்தாலும் ஆகிய குன்றுகள், இடிந்த வீடுகள். ஆட்டக்காரர் கையில் பகடையும் அளவு நாடாவும் இருக்கும். சதுரங்கத்திலிருந்து இது வேறுபடும் இடம் ஒன்றுண்டு. சதுரங்கப் பலகையில் 64 கட்டங்கள். குதிரை இந்தக் கட்டத்தில் இருக்கும், அல்லது அந்தக் கட்டத்தில் இருக்கும். இரண்டிற்கும் நடுவே இருக்க இயலாது. இந்த மேசையிலோ கட்டம் இல்லை. வீரன் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம், எப்பக்கமும் திரும்பலாம். அவனைக் கட்டுப்படுத்துவது விதிநூலில் உள்ள ஒரு வாக்கியம் மட்டுமே. 'ஆறு அங்குலம் வரை நகரலாம்' என்பது போன்ற எளிய வாக்கியம். இதில் ஐயம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள்.

வார்ஹாமர் 40,000 என்பது 1987-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்து உலகெங்கும் பரவிய ஆட்டம். அதன் பழைய பதிப்புகள் சிலவற்றில், ஊர்தி தன் நடுப்புள்ளியை ஊன்றிக்கொண்டு திரும்புவது நகர்வுக் கணக்கில் சேராது என்று விதி இருந்தது. ஐந்து அங்குல நீளமும் மூன்று அங்குல அகலமும் உடைய ஊர்தி ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். கெட்டிக்கார ஆட்டக்காரர் அதனை எல்லைக்கோட்டின்மேல் குறுக்காக நிறுத்துவார். நடுப்புள்ளியிலிருந்து முன்விளிம்பு ஒன்றரை அங்குலத் தொலைவில் இருக்கும். தம் முறை வந்ததும் ஊர்தியைப் பகைவரை நோக்கித் திருப்புவார். இப்பொழுது மூக்கு நடுப்புள்ளியிலிருந்து இரண்டரை அங்குலத்தில் நிற்கும். நகராமலேயே ஓர் அங்குலம் முன்னேறியாயிற்று! அதன்பின் விதி தந்த ஆறு அங்குலம். எதிராளி சினந்தால், 'திரும்புவது நகர்வன்று என்று நூலே சொல்கின்றதே' என்பார். அவர் சொல்வது மெய்தான். நூலை எழுதியவர் இதனை எண்ணியிருக்க மாட்டார் என்பதும் மெய்தான்.

2017-இல் வந்த எட்டாம் பதிப்பு இந்த ஓட்டையை அடைக்க முற்பட்டது. உருவத்தின் எந்தப் பகுதியும் உரிய அளவிற்கு மேல் நகர்ந்துவிடக் கூடாது என்று எழுதினர். நல்ல விதி. ஆயினும் அதே ஊர்தி நின்ற இடத்திலேயே பின்புறமாகத் திரும்ப வேண்டும் என்று கொள்வோம். அதன் ஒரு மூலை சுழன்று எதிர்மூலைக்குச் செல்கின்றது. அம்மூலை சென்ற தொலைவு என்ன? தொடங்கிய இடத்திற்கும் முடிந்த இடத்திற்கும் நேர்கோடு இழுத்தால் ஏறத்தாழ 5.8 அங்குலம், ஆறு அங்குலத்திற்குள் அடங்கிவிடும். மூலை வளைந்து சென்ற வழியை நாடாவால் அளந்தால் ஒன்பது அங்குலத்திற்கும் மேல். ஊர்தி திரும்பவே முடியாது. 'நகர்தல்' என்னும் சொல் வழியைக் குறிக்கின்றதா, வந்து சேர்ந்த இடத்தைக் குறிக்கின்றதா? ஓட்டையை அடைக்க வந்த சொல்லே புதிய ஓட்டையாயிற்று. பின்னர் 2024-இல், வட்டமான அடித்தட்டு இல்லாத ஊர்திகள் திரும்பினால் இரண்டு அங்குலத்தைக் கழித்துக்கொள்க என்று ஓர் ஏற்பாடு செய்தனர். சொல்லால் தீராததை ஒரு வரியாக விதித்துத் தீர்த்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகின்றது.

நம்மவர்களுக்கு இது புதிதன்று. நன்னூலார் நூலின் குற்றம் பத்தில் 'மயங்க வைத்தல்' என்பதை ஒன்றாக வைத்தார்; அழகு பத்தில் 'சுருங்கச் சொல்லல்', 'விளங்க வைத்தல்' இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார். இவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருதும் என்பதை விதி எழுதிப் பார்த்தவர்கள் அறிவர். சுருக்கினால் மயங்கும், விளக்கினால் நீளும், நீண்டால் ஒவ்வொரு புதுச்சொல்லும் ஒரு புது மயக்கத்தை அழைத்து வரும். பில் பார்க்கர் என்பவர் 1990-இல் வெளியிட்ட தொல்போர் ஆட்ட விதிகள் இதற்குச் சான்று. சில பக்கங்களே கொண்டது அந்நூல். ஒரு சொல்லும் வீணாகாதபடி இறுக்கிக் கட்டிய வாக்கியங்கள். அவர் நடைக்கு அவர் பெயராலேயே ஒரு கேலிப்பெயர் சூட்டிவிட்டனர் ஆட்டக்காரர்கள். மூலத்திற்குப் படங்களோடு உரைநூலும் அவர்களே எழுதினர். சூத்திரத்தைக் காட்டிலும் உரை பெரிதாயிற்று.

சூத்திரத்தில் மிகையாக நிற்கும் ஒரு சொல்லை 'இலேசு' என்று பிடித்துக்கொண்டு, அதனால் சொல்லாததையும் தழுவிக்கொள்ளும் வழக்கம் இளம்பூரணர் காலந்தொட்டு நம்மிடம் உண்டு. இந்த மேசையிலும் அதே வித்தை நடக்கின்றது. ஒரு விதியில் 'நகரலாம்' என்றும் அடுத்த விதியில் 'இயன்றவரை நகரலாம்' என்றும் இருந்தால், அந்த 'இயன்றவரை' மேல் ஒரு மாளிகையே கட்டிவிடுவார்கள். வேறுபாடு ஒன்றுண்டு. இளம்பூரணர் இலேசினால் கொண்டது வழக்கிலும் செய்யுளிலும் முன்னரே உள்ளதை; இலக்கணத்திற்கு வெளியே மொழி நின்று அவரைக் காத்தது. ஆட்டக்காரருக்கு வெளியே எதுவும் இல்லை, வெற்றி ஒன்றைத் தவிர. ஆகவே அவர்களுள் இரு கட்சி ஏற்பட்டது. எழுதியபடியே கொள்க என்பது ஒரு கட்சி; எண்ணியபடி கொள்க என்பது மற்றொன்று. முதற்கட்சி ஆசிரியரைப் புறக்கணிக்கின்றது. இரண்டாம் கட்சி, தாம் விரும்புவதை ஆசிரியர் விரும்பியதாகச் சொல்லும் ஆபத்தில் இருக்கின்றது. நம் விமர்சன உலகிலும் இவ்விரு கட்சியும் இருப்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

விளையாட்டுத்தானே என்பவர்களுக்கு ஒரு வரலாற்றுச் செய்தி. 1854 அக்டோபர் 25, கிரைமியப் போரில் பாலக்லாவா. ராக்லன் பிரபு மேட்டின்மேல் நின்று போர்க்களம் முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். பீரங்கிகளைப் பகைவர் கொண்டு செல்லாதவாறு தடுக்குமாறு குதிரைப்படைக்குச் சீட்டு எழுதி அனுப்பினார். பக்கத்துக் குன்றில் பகைவர் கைப்பற்றியிருந்த பீரங்கிகள் அவர் கண்ணில் இருந்தன. சீட்டைப் பெற்ற லூக்கன் பிரபு பள்ளத்தாக்கில் இருந்தார். அக்குன்றில் நடப்பது அவருக்குத் தெரியவில்லை. எந்தப் பீரங்கிகள் என்று கேட்டார். சீட்டைக் கொணர்ந்த நோலன் என்னும் தலைவர் கையை வீசி ஒரு திசையைக் காட்டினார். ஏறத்தாழ 670 குதிரை வீரர்கள் பள்ளத்தாக்கின் கடைக்கோடியில் இருந்த ருசியப் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். முதலில் விழுந்தவர்களில் நோலனும் ஒருவர். அவர் கை காட்டியதன் பொருளைக் கேட்டறிய ஆள் இல்லாது போயிற்று. அது பிழையான சீட்டு என்று நான் கருதவில்லை. மேட்டில் நின்றவருக்கு அது தெளிவான வாக்கியம். எழுதியவர் நின்ற இடத்தில் படித்தவர் நிற்கவில்லை, அவ்வளவே.

இந்த ஆபத்தை முன்னரே உணர்ந்தவர்கள் பிரஷ்யர்கள். மூத்த ரைஸ்விட்ஸ் 1812-இல் தம் மன்னருக்கு ஒரு போர் ஆட்ட மேசையைச் செய்து காட்டினார். அவர் மகன் 1824-இல் அதனைத் திருத்தி, வரைபடத்தின்மேல் ஆடும் ஆட்டமாக வெளியிட்டார். தலைமைப் படைத்தலைவர் மஃப்லிங் அதனைப் பார்த்து வியந்து படையெங்கும் பரிந்துரைத்தார். ஒரு முறை ஆடுவது போர்க்களத்தின் இரண்டு நிமிடங்களுக்குச் சமம். இவ்வாட்டத்தில் படைகளை ஆட்டக்காரர் கையால் தொடுவதில்லை. கட்டளையை எழுதி நடுவரிடம் தருவார். நடுவரே அதனைப் படித்துப் படையை நகர்த்துவார். 'சிற்றூர் வரை செல்க' என்று எழுதியிருந்தால், ஊருக்குள் நுழைவதா, ஊரெல்லையில் நிற்பதா என்பதை, அந்தப் படைப்பிரிவின் தலைவன் எவ்வாறு கொண்டிருப்பான் என்று எண்ணி நடுவர் முடிவு செய்வார். தெளிவின்றி எழுதியவர் தம் சொல்லின் விளைவை மேசைமேலேயே கண்டுகொள்வார். விதிகளும் பட்டியல்களும் பெருகிப் போனபோது, 1876-இல் வெர்டி து வெர்னுவா என்னும் படைத்தலைவர் அவற்றை ஒதுக்கிவிட்டு, பட்டறிவுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்று எழுதினார். நூலைக் களைந்துவிட்டு உரையாசிரியரை மட்டும் வைத்துக்கொள்வது போன்றது இது. நடுவர் நல்லவராயின் இதைவிடச் சிறந்த வழி இல்லை. அந்த 'ஆயின்' என்பதில்தான் எனக்கு ஐயம்.

எச். ஜி. வெல்ஸ் என்னும் புனைகதை எழுத்தாளரை நீங்கள் அறிவீர்கள். 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற சிறு நூலை எழுதி, இவ்வாட்டத்தை வீட்டுத் தரைக்கும் புல்வெளிக்கும் கொண்டு வந்தவர் அவர். காலாள் ஓரடி நகரலாம், குதிரை இரண்டடி. நான்கு வீரர்களேனும் துணை நின்றால்தான் பீரங்கி நகரும். எழுத்தாளர் அல்லவா, விதிகளைச் சொல்வதோடு அவை எந்தச் சண்டையிலிருந்து பிறந்தன என்பதையும் கதைபோலச் சொல்லிச் செல்கின்றார். இதனை நான் பெரிதும் மதிக்கின்றேன். விதியின் பிறப்பை அறிந்தவனுக்கு அதன் நோக்கத்தை ஊகிக்க வேண்டியதில்லை. இன்றைய விதிநூல்களில் இக்கதைகள் இல்லாமையே பாதிப் பூசலுக்குக் காரணம்.

இன்றைய ஆட்டங்களில் பெரும்பாலும் நடுவர் இல்லை. இருவர் மட்டுமே. இருவரும் நண்பர்கள், இருவரும் வெல்ல விரும்புகின்றவர்கள், இருவரும் உரையாசிரியர்கள். ஓர் அங்குலத்திற்காக நட்பு முறிவது நடக்கக்கூடியதே. வார்ஹாமர் விதிநூலார் இதற்குச் சொன்ன தீர்வு, நூலின் மிக முக்கியமான விதி என்னும் பெயரோடு நின்றது. பொருள் விளங்காவிடில் இருவரும் பேசி முடிவு செய்க, முடியாவிடில் பகடையை உருட்டுக, ஆட்டத்தைத் தொடர்க. கற்றோர் இதைக் கேட்டுச் சிரிப்பர். எனக்கு இது நேர்மையான தீர்வாகவே படுகின்றது. பகடை, தான் ஆசிரியரின் உள்ளத்தை அறிந்ததாகச் சொல்வதில்லை. இருவரும் ஒப்பத்தக்க இரண்டு பொருள் இருந்தன, ஒன்றைக் கொண்டு மேலே சென்றோம் என்பதோடு அமைகின்றது. ஆட்டம் முடிந்தபின் அமர்ந்து படித்துக்கொள்ளலாம்.

ஆயினும் பகடைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த ஐயம் எப்பொழுது எழுந்தது? நகர்த்துவதற்கு முன் 'இதனை எவ்வாறு கொள்வோம்' என்று கேட்பவர் பொருளைத் தேடுகின்றார். நகர்த்தி, பகைவர் அரை அங்குலத்திற்கு அப்பால் இருப்பதைக் கண்டபின் விதிநூலைப் புரட்டுபவர் அரை அங்குலத்தைத் தேடுகின்றார். இருவரும் காட்டும் வரி ஒன்றே. சொல்லும் காரணமும் ஒன்றாகவே இருக்கலாம். வரியை மட்டும் பார்ப்பவருக்கு இவ்வேறுபாடு தெரியாது. கொள்கையை முன்னரே கையில் வைத்துக்கொண்டு கவிதைக்குள் நுழையும் உரைகளைப் படிக்கும்போதும் இதே கேள்வியை நான் கேட்டுக்கொள்வது வழக்கம்.

எட்டாம் பதிப்பில் இருந்த ஓர் ஏற்பாடு கவிஞர்களுக்குப் பிடிக்கும். இடிந்த மதிலின் விளிம்பில் வீரனை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் விழுந்துவிடுவான், வண்ணம் உதிரும். அப்பொழுது இருவரும் அவன் நிற்க வேண்டிய இடத்தை ஒப்புக்கொண்டு, அவனைப் பாதுகாப்பான வேறோர் இடத்தில் வைத்துவிடலாம். அதன்பின் கண் காண்பது ஓரிடம், ஆட்டம் கொள்வது வேறிடம். இருவர் உடன்பாட்டில் மட்டுமே அவன் மதில்மேல் நிற்கின்றான்.

இறுதியாக, இன்னும் என் மனம் தெளியாத ஒன்றை உங்கள்முன் வைக்கின்றேன். அந்தப் பதிப்பில், கனத்த படைக்கலம் ஏந்திய காலாள் நகர்ந்துவிட்டால் குறி தவறும் வாய்ப்பு மிகும், நின்றால் மிகாது. அவனுடைய அடித்தட்டு வட்டமானது. அவன் இருந்த இடத்திலேயே பின்புறம் திரும்புகின்றான். தட்டு முன்பிருந்த வட்டத்தைச் சற்றும் தாண்டவில்லை; ஆனால் அதன் விளிம்பில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் இடம் பெயர்ந்துவிட்டது. அவன் நகர்ந்தானா, இல்லையா? கலந்துரையாடலில் உங்கள் உரையைக் கேட்கக் காத்திருக்கின்றேன்.