ஹேண்டில் ஆடுதா? கோன் செட் மாத்துறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

இந்த எபிசோடு முழுக்க ஒரே ஒரு சாமான் பத்தித்தான்: ஹேண்டில் புஷ். உள்ளங்கையில் அடங்கிடுற ரப்பர் துண்டு. அது தேஞ்சுபோனதால வர்ற ஆட்டத்துக்கு, சம்பந்தமே இல்லாத கோன் செட்டை மாத்திட்டு வர்றவங்க நிறைய பேர். அதனாலதான் பேசணும்னு தோணுச்சு.

முதல்ல இது எங்க இருக்கு? முன்பக்க ஃபோர்க் குழாய் ரெண்டையும் மேல சேர்த்துப் பிடிக்கிற கனமான பிராக்கெட் ஒண்ணு இருக்கும். அது மேல ரெண்டு கிளாம்ப் நிக்கும், அந்த கிளாம்ப்தான் ஹேண்டில் பாரைப் பிடிச்சிருக்கு. சில வண்டியில கிளாம்ப்பும் பிராக்கெட்டும் ஒரே வார்ப்பு, அங்க புஷ்ஷுக்கு வேலை இல்லை. கிளிப்-ஆன் ஹேண்டில்லயும் கிடையாது. ஆனா க்ரூஸர், டூரிங் வகை வண்டிகள் பலதுல கிளாம்ப்புக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவுல ரப்பர் வச்சிருப்பாங்க. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, நடுவுல போல்ட் போறதுக்கு ஒரு சின்ன இரும்புக் குழாய்.

எதுக்கு இந்த ரப்பர்? 6000 ஆர்பிஎம்-ல ஓடுற இன்ஜின்ல கிராங்க் ஒரு நொடிக்கு 100 தடவை சுத்துது. சிங்கிள் சிலிண்டர்னா அந்த அதிர்வு ஃப்ரேம் வழியா ஏறி நேரா கைக்கு வரும். இறங்கினதும் விரல் மரத்துப்போகுதே, அது இதனாலதான். ஐரோப்பிய யூனியன் 2002-ல போட்ட தொழிலாளர் பாதுகாப்பு விதி, எட்டு மணி நேர வேலையில கைக்கு ஏறுற அதிர்வு 2.5 மீ/வி²-ஐத் தாண்டினா முதலாளி நடவடிக்கை எடுக்கணும்னு சொல்லுது. 5-ஐத் தாண்டவே கூடாது. நாள் முழுக்க டெலிவரி ஓட்டுற ஒருத்தருக்கு இந்த ரப்பர் ஆடம்பரம் இல்லைங்க.

அப்புறம் ஏன் சாகுது? வெயில், வயசு, பள்ளம். இன்னொண்ணு, வாட்டர் வாஷ்ல டீசல் அடிக்கிற நம்ம ஊர் பழக்கம். வண்டி பளபளன்னு இருக்கும், ரப்பர் ஊறி உப்பிப்போகும். அடுத்த தடவை வாஷுக்கு விடும்போது, "ஹேண்டில் பக்கம் டீசல் வேண்டாண்ணா"ன்னு சொல்லிட்டுப் போங்க.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். ஒர்க் ஷாப்புல போய் "ஹேண்டில் ஆடுதுண்ணா"ன்னு சொன்னா, தொட்டுப் பார்க்காமலே "கோன் செட் போயிருக்கும் தம்பி"ன்னு வர்ற பதில் உங்களுக்கே தெரியும். கோன் செட் மாத்தணும்னா சக்கரம், ஃபோர்க் எல்லாம் கழட்டணும். செலவை விடுங்க. புஷ் போனதுக்கு கோன் செட் மாத்தினா ஆட்டம் அப்படியே இருக்கும். உடனே கோன் நட்டை இன்னும் ரெண்டு திருப்பு இறுக்குவாங்க. இப்ப ஹேண்டில் கல்லு மாதிரி ஆயிடும், மெதுவா போகும்போது வண்டி நேரா நிக்காம அலையும், புது பால் ரேஸ்ல பள்ளம் விழும். இல்லாத வியாதிக்கு மருந்து குடுத்து ஒரு புது வியாதியை வாங்கிட்டு வர்ற கதை.

அதனால நீங்களே பாருங்க. முன்சக்கரத்தை சுவத்துல முட்டவச்சு, ஒரு கையால ஹேண்டிலை முன்னாடி பின்னாடி தள்ளுங்க. இன்னொரு கை விரலை கிளாம்ப்பும் பிராக்கெட்டும் சேர்ற இடத்துல வையுங்க. பிராக்கெட் அசையாம கிளாம்ப் மட்டும் சாயுதா? புஷ்தான். நல்ல ரப்பர்லயும் கொஞ்சம் அசைவு இருக்கும், ஆனா அது தானா திரும்பி வரும். செத்த ரப்பர் 'டக்'குனு சாஞ்சு அங்கேயே நிக்கும். அடுத்து, சென்டர் ஸ்டாண்ட் போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க்கோட கீழ்ப்பகுதியைப் பிடிச்சு முன்னும் பின்னும் இழுங்க. அங்க 'டக்'னா கோன் செட் பக்கம் போகலாம். ரெண்டும் சேர்ந்தே போயிருக்கிற வண்டியும் உண்டு.

மாத்துறது அவ்வளவு கஷ்டம் இல்லை. டேங்க் மேல தடிமனா ஒரு துண்டைப் போடுங்க. ஹேண்டில் பார் இப்ப எந்தக் கோணத்துல இருக்குன்னு மார்க்கர்ல கோடு போட்டுக்கோங்க. மேல் கிளாம்ப்பைக் கழட்டி, கேபிளைப் பிரிக்காமலே பாரை அந்தத் துண்டு மேல சாய்ச்சு வைக்கலாம். பிரேக் ஹோஸ்ல அதோட பாரம் விழக்கூடாது. பிராக்கெட்டுக்கு அடியில இருக்கிற நட்டைக் கழட்டினா புஷ் வந்துடும். வாஷர் எந்த வரிசையில வருதுன்னு ஒரு ஃபோட்டோ எடுத்துக்கோங்க. சில வண்டியில அங்க ஒரு சின்ன எர்த் வயர் இருக்கும், ரப்பர் வழியா கரண்ட் போகாதுங்கிறதுக்காக. அதைத் திரும்ப மாட்டாம விட்டா ஸ்விட்ச் வேலை செய்யாம ஒரு நாள் முழுக்கத் தேட வேண்டியதுதான்.

புதுசு உள்ள போக மாட்டேங்குதா? கிரீஸ் தடவாதீங்க, சோப்புத் தண்ணி போதும். எல்லாத்தையும் முதல்ல கையாலயே மாட்டி, பாரை வச்சு நேரா இருக்கான்னு பார்த்துட்டு, அப்புறம் டார்க் ரெஞ்ச் போடுங்க. எண் உங்க வண்டி சர்வீஸ் மேனுவல்ல இருக்கும். நட்டு நடுவுல இருக்கிற இரும்புக் குழாய்ல போய் உட்கார்ந்ததுக்கு அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் ரப்பர் இறுகாது, போல்ட்தான் அறுந்துபோகும். பழைய புஷ்ஷை இறுக்கியே சரி பண்ணிடலாம்னு நினைக்கிறவங்களுக்கும் இதேதான் பதில்.

அலுமினியம் புஷ், பாலியூரித்தேன் புஷ் எல்லாம் அப்கிரேடுன்னு விப்பாங்க. ஹார்லி ஓட்டுறவங்க நடுவுல பாலியூரித்தேன் ரொம்ப நாளா பழக்கத்துல இருக்கு. ஹேண்டில் உடனே பேசும், உண்மைதான். ஆனா சிங்கிள் சிலிண்டர் வண்டியில தினமும் ஆபீஸ் போய்வர்ற கைக்கு நான் ரப்பரைத்தான் சொல்வேன். அலுமினியம் போட்டா அந்த நொடிக்கு 100-ம் உங்களுக்கே.

கடைசியா, ரோட்டுக்கு எடுக்கிறதுக்கு முன்னாடி நியூட்ரல்ல இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் திருப்புங்க. ஆர்பிஎம் ஏறினா ஆக்ஸிலரேட்டர் கேபிள் எங்கயோ இழுபடுது, பிரேக் ஹோஸும் விறைக்கக் கூடாது. ஒரு நூறு கிலோமீட்டர் ஓடினதும் நட்டை மறுபடி ஒரு தடவை செக் பண்ணுங்க. உங்க டெஸ்ட்ல கோன் செட்தான்னு வந்தவங்க அடுத்த எபிசோடுக்கு வாங்க, அதை அங்க கழட்டிப் பார்க்கலாம்.