மாடத்தில் கிடந்த ஷேவிங் செட்



மயிலாப்பூரில் பழைய வீட்டை இடித்து பிளாட் கட்டக் கொடுக்கிறவர்கள் காலி செய்யும்போது முதலில் பரணில்தான் ஏறுவார்கள். பித்தளை அண்டா, குத்துவிளக்கு, தஞ்சாவூர்ப் படம் எல்லாம் பத்திரமாக வண்டி ஏறும். கொல்லைப்புறத்துக் குளியலறை மாடத்தை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. தாத்தாவின் ஷேவிங் செட் அங்கேதான் கிடக்கும். சவரம் செய்துகொண்டவர் குளிக்காமல் உள்ளே வரக் கூடாது என்பது அந்த வீடுகளின் சட்டம். மனிதருக்கே தடை என்றால் ரேசருக்கு எப்படி அனுமதி கிடைக்கும்? படிகாரக் கட்டியோடும் மயிர் உதிர்ந்த பிரஷ்ஷோடும் அது வெளியிலேயே காலம் தள்ளியது.

என் மாமனாருடைய செட் அப்படி ஒரு மாடத்திலிருந்துதான் என்னிடம் வந்தது. மேலே மூடி, நடுவில் சீப்புப் பல் வைத்த தட்டு, கீழே கைப்பிடி. மூன்றே துண்டுகள். தட்டின் அடியில் ‘ஜில்லெட், மேட் இன் இங்கிலாந்து’ என்று பொறித்திருக்கிறது. வானொலியில் கம்பெனிப் பெயரைத் தவிர்ப்பதுதான் மரியாதை. ஆனால் அந்தப் பெயர் ஒரு மனிதருடைய பெயரும்கூட. கிங் கேம்ப் ஜில்லெட் என்ற அமெரிக்க விற்பனைப் பிரதிநிதிக்கு, மழுங்கியதும் தூக்கி எறியும்படி ஒரு மெல்லிய பிளேடு வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவு மெல்லிய எஃகில் கூர் நிற்காது என்று விஷயம் தெரிந்தவர்கள் கைவிரித்தார்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் அதைச் செய்து காட்டினார். விற்பனை தொடங்கிய 1903-ல் போனது 51 ரேசர். அடுத்த வருடமே தொண்ணூறாயிரத்தைத் தாண்டியது.

நம் ஊரில் அதுவரை சவரம் என்றால் நாவிதர் வீட்டுக்கு வர வேண்டும். செவ்வாய், வெள்ளி, அமாவாசை என்று விலக்கான நாட்கள் வேறு. தினமும் மழித்த முகத்தோடு ஆபீஸ் போக வேண்டிய குமாஸ்தாவுக்கு இந்தச் செட் எவ்வளவு பெரிய விடுதலை என்று யோசித்துப் பாருங்கள். பிளேடு மட்டும் அப்போது சாதாரண எஃகு. கடற்காற்றில் சீக்கிரமே துருப்பிடிக்கும். கண்ணாடி டம்ளரின் உட்புறத்தில் விரலால் அழுத்தித் தேய்த்துத் தேய்த்து ஒரே பிளேடை நாள்கணக்கில் ஓட்டியவர்கள் உண்டு. துருப்பிடிக்காத பிளேடு பரவியது 1960-களில்தான்.

இந்தப் பழைய சாமானில் எனக்குப் பிடித்ததே, அது இன்றும் வேலை செய்கிறது என்பதுதான். தாத்தாவின் கிராமபோனுக்கு ஊசி தேடி அலைய வேண்டும். டைப்ரைட்டருக்கு ரிப்பன் தேட வேண்டும். ரேசருக்குத் தெருமுனைப் பெட்டிக்கடை போதும். பிளேடின் வடிவத்துக்காக இரண்டு அமெரிக்கக் கம்பெனிகள் மோதிக்கொண்டு, 1930-ல் ஒன்றாக இணைந்தன. நடுவில் நீளமாகப் பிளவு விட்ட பிளேடு அதன் பிறகு நிலைத்துவிட்டது. அதற்கு முந்தைய செட்டிலும் அது பொருந்தும், நேற்று வாங்கிய செட்டிலும் பொருந்தும்.

கடையில் அது இன்னமும் தொங்குவதற்கு நம் சலூன்களும் ஒரு காரணம். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். அதன் பிறகு பரவிய பயத்தில், ஊருக்கெல்லாம் ஒரே சவரக்கத்தி என்ற பழக்கம் ஒழிந்தது. தி.நகரில் எந்தச் சலூனிலும் பாருங்கள். பிளேடைக் காகித உறையோடு வளைத்துப் படக்கென்று ஒடித்து, பாதியைக் கத்திப் பிடியில் செருகுவார்கள். நம் செட்டில் முழுசாகப் போடும் அதே பிளேடுதான்.

சரி, சுத்தம் செய்வதற்கு வருவோம். பித்தளை என்றதும் நம் கை புளியைத் தேடும், இல்லாவிட்டால் பீதாம்பரிப் பொடியைத் தேடும். இரண்டும் ஆகாது. உள்ளே இருப்பது பித்தளைதான். ஆனால் மேலே நிக்கல் முலாம், மிக மெல்லிய பூச்சு. புளி போட்டுத் தேய்த்தால் பித்தளை பல்லிளித்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, ஊறவைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தாலே முக்கால்வாசி அழுக்கு போய்விடும். பல்லிடுக்கில் கல்லாய் இறுகிய சோப்பைப் பல்குத்தும் குச்சியால் நெம்பலாம். வெள்ளையாகப் படிந்த உப்புக்கறைக்கு எலுமிச்சைத் தண்ணீர், அதுவும் சில நிமிடங்கள்தான். திருகு இறுகியிருந்தால் குறடு போடாதீர்கள். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஓர் இரவு வையுங்கள். கடைசியாக ஸ்பிரிட்டால் துடைத்துவிடுங்கள்.

பிறகு பிளேடைப் பூட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விளிம்பு இரண்டு பக்கமும் ஒரே அளவு தெரிய வேண்டும். ஒரு பல் வளைந்திருந்தாலும் கன்னத்தைக் கீறும். துத்தநாகக் கலப்பில் செய்த மலிவு செட் வெள்ளை பூத்து வெடித்திருந்தால் அதை அலமாரியில் வைப்பதோடு விட்டுவிடுங்கள். புது முலாம் பூசித் தர ஆட்கள் இருக்கிறார்கள். நான் பூசவில்லை. பித்தளை தெரிந்தால் தெரியட்டும், மழிப்பது பிளேடுதானே!

அடுத்த தொல்லை தண்ணீர். அடையாறு, பெசன்ட் நகர்ப் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. அதில் சோப்பு நுரைக்காது, திரிதிரியாகப் பிரியும். ஒரு டம்ளர் மெட்ரோ வாட்டரோ கேன் தண்ணீரோ தனியே எடுத்துவைத்துக்கொண்டால் நுரை குழைந்து நிற்கும்.

புது ரேசரை அழுத்தி இழுத்துப் பழகிய கைக்கு இங்கே வேலையில்லை. தலையின் கனமே போதும். மூடியைக் கன்னத்தில் படுக்கவைத்து, பிளேடு முடியைத் தொடும் வரை கைப்பிடியை மெல்லக் கீழே இறக்குங்கள். கோணம் சரியாக விழுந்ததைக் காது சொல்லிவிடும். சரக், சரக் என்று ஒரே சீராகக் கேட்கும். சத்தம் அடங்கிப்போனால் கோணம் தப்பிவிட்டது என்று அர்த்தம். முதலில் முடி சாயும் வாட்டத்தில் மட்டும் இழுங்கள். எதிர்வாட்டம் கை பழகிய பிறகு போதும். தாடையில் ரத்தம் துளிர்த்தால் படிகாரம் இருக்கிறது. கச்சேரி சாலை டப்பா செட்டி கடை மாதிரி எந்த நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும்.

பழைய பிளேடை மட்டும் குப்பைத்தொட்டியில் அப்படியே போடாதீர்கள். அதைக் கையால் பிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பவுடர் டப்பாவின் தலையில் கீறல் போட்டு, அதற்குள் தள்ளிவிடுங்கள். வாரம் ஒரு பிளேடு என்றாலும் அது நிறைய வருடக்கணக்காகும். நிறைந்ததும் வாயை டேப் போட்டு ஒட்டி, மேலே ‘பிளேடு’ என்று பெரிதாக எழுதி, தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கையில் கொடுங்கள்.