பதினேழு களம் கண்ட கௌரி அம்மா

(தோழர்களின் ஞாயிறு வகுப்பில் ஆற்றிய உரை)



சட்டமன்ற உறுப்பினர் ஒருவருடைய அரசியல் வாழ்வையும் அவர் கண்ட தேர்தல்களையும் பற்றிப் பேசுக என்று என்னைப் பணித்தீர்கள். நம் மாநிலத்தவர் ஒருவரையே எடுத்துக்கொள்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நானோ மலைத்தொடருக்கு அப்பால் சென்று, ஆலப்புழைக் கடற்கரையை அடுத்த சேர்த்தலைப் பகுதியிலே பிறந்த கே. ஆர். கௌரி அம்மாவைத் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறேன். நம் வீட்டுக்காரரைப் பற்றிப் பேசினால் பாதி நேரம் புகழ்ச்சியிலும் மறுபாதி பகையிலும் போய்விடும் என்ற அச்சமும் ஒரு காரணம்.

தேர்தல் வரலாறு என்றாலே, “எத்தனை முறை வென்றார்? எத்தனை வாக்கு மிகுதி?” என்று கேட்டுக் குறித்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறவர்கள் நம்மிலே பலர். அவர்களுக்காகக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1948 முதல் 2011 வரை பதினேழு தேர்தல்களில் நின்றார். பதின்மூன்றில் வென்றார், நான்கில் தோற்றார். நான்கு முதலமைச்சர்களின்கீழ் ஆறு அமைச்சரவைகளில் இடம்பெற்றார். ஒருமுறையேனும் முதலமைச்சர் ஆனாரில்லை. கணக்கு இவ்வளவே. இனிக் கதைக்கு வருவோம்.

1919ஆம் ஆண்டு சூலைத் திங்களிலே, பட்டணக்காட்டில் ஈழவர் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். தீண்டாமைக் கொடுமை தெருவிலும் கோயிலிலும் கோலோச்சிய திருவிதாங்கூர் அது. அந்தச் சமூகத்திலிருந்து ஒரு பெண் சட்டம் பயின்று, கறுப்பு அங்கி அணிந்து நீதிமன்றத்துக்குள் நுழைந்தது அந்நாளில் சிறு செய்தியன்று. அவர் வளர்ந்த வட்டாரமோ, கயிறு திரிப்போரும் வயலில் உழைப்போரும் நிறைந்த வட்டாரம். 1946 அக்டோபரில் புன்னப்புரையிலும் வயலாரிலும் துப்பாக்கிக் குண்டுகளுக்கு உழைப்பாளிகள் இரையான வட்டாரம். அண்ணன் சுகுமாரன் தொழிற்சங்கத் தலைவர். பி. கிருஷ்ண பிள்ளையின் தொடர்பும் கிட்டியது. வழக்கறிஞர் கௌரி பொதுவுடைமைக் கட்சிக்கு வந்ததில் வியப்பென்ன இருக்கிறது?

1948இல் திருவிதாங்கூர், வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கித் தேர்தல் நடத்திற்று. அதிலே நின்றார், தோற்றார். பின்னர்ச் சிறை. தோல்வியும் சிறையும் ஒருங்கே வந்தபின் வழக்கறிஞர் தொழிலே போதுமென்று ஒதுங்கியவர்கள் எத்தனையோ பேர். இவர் ஒதுங்கவில்லை. 1952இலும் 1954இலும் திருவிதாங்கூர்–கொச்சிச் சட்டமன்றத்துக்கு வெற்றி பெற்றுச் சென்றார்.

பிறகுதான் 1957. மொழிவழி மாநிலமாகக் கேரளம் அமைந்தபின் நடந்த முதல் தேர்தல். 126 இடங்களில் பொதுவுடைமைக் கட்சிக்கு 60. அதன் ஆதரவு பெற்ற சுயேச்சைகள் ஐவர். ஏப்ரல் 5ஆம் நாள் ஈ. எம். எஸ். நம்பூதிரிப்பாடு தலைமையில் பதினொருவர் கொண்ட அமைச்சரவை பதவியேற்றது. அதிலே ஒரே பெண் கௌரி அம்மா. அவருக்குத் தந்த துறை, பெண் அமைச்சர் என்றால் வழக்கமாகத் தள்ளிவிடும் துறையன்று, வருவாய்த்துறை! நிலம் யாருக்கு என்ற கேள்விக்கு விடை எழுத வேண்டிய துறை.

தோழர்களே, இந்த இடத்திலே சற்று நிதானிக்க வேண்டும். கேரளத்து நிலவுடைமை நம் பகுதியைப் போல் எளிதில் விளங்குவதன்று. மேலே ஜன்மி. அவனிடமிருந்து பெற்ற காணக்காரன். அவனுக்குக் கீழே வெறும்பாட்டக்காரன். எல்லோருக்கும் கீழே, பிறர் நிலத்தில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு, “போ” என்று ஒருவன் சொன்னால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு போகவேண்டிய குடிகிடப்புக்காரன். 1956 வரை மலபார் சென்னை மாநிலத்தோடு இருந்தமையால் அங்கே ஒரு சட்டம், திருவிதாங்கூரில் ஒன்று, கொச்சியில் ஒன்று. இந்த மூன்றையும் ஒரே சட்டமாக்க வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும். சட்டம் வருகிறது என்ற சேதி பரவினால், அது வருமுன்னரே குத்தகையாளரை வெளியேற்றிவிட ஜன்மிமார் முனைவர். என்ன செய்வது?

பதவியேற்ற ஆறாம் நாள், ஏப்ரல் 11ஆம் நாள், குடிவெளியேற்றத்தை நிறுத்தும் அவசரச் சட்டம் பிறந்தது. முதலில் வெளியேற்றத்தை நிறுத்து. சட்டத்தைப் பிறகு எழுது! ஆட்சிக்கு வந்தவர்கள் முதல் வாரத்தில் மாலைகளை வாங்கிக்கொண்டிருப்பதுதான் உலக வழக்கம். இவர்கள் முதல் வாரத்திலேயே, ஏழை குடியிருந்த குடிசைக்குக் காவல் போட்டனர். அந்த ஆறு நாட்களை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அதே ஆண்டு டிசம்பரில் நிலவுறவு மசோதா அவைக்கு வந்தது. அதனை நிறைவேற்ற 1959 சூன் 10 வரை ஆயிற்று. அதற்குள் வெளியிலே ‘விமோசன சமரம்’ என்ற பெயரில் கிளர்ச்சி மூண்டது. முண்டசேரியின் கல்வி மசோதா ஒருபுறம், நில மசோதா மறுபுறம். இரண்டாலும் சினமுற்ற அமைப்புகள் அணிதிரண்டன. காவல்துறைத் துப்பாக்கிச் சூடுகளும் நேர்ந்தன. அவற்றை நியாயப்படுத்த நான் இங்கே வரவில்லை. அது அந்த ஆட்சியின் மேல் விழுந்த கறைதான். ஆனால் மசோதா நிறைவேறிய ஐம்பத்தொன்றாம் நாள், 1959 சூலை 31இல், பேரவையிலே பெரும்பான்மை பெற்றிருந்த அமைச்சரவையை 356ஆம் பிரிவைக் கொண்டு தில்லி கலைத்தது. நில மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிட்டவில்லை.

1960 தேர்தலில் காங்கிரசும் பிரஜா சோசலிஸ்டும் முஸ்லிம் லீகும் ஓரணியாயின. பொதுவுடைமைக் கட்சிக்கு 29 இடங்களே கிடைத்தன. ஆனால் அது பெற்ற வாக்கு விகிதம் சுமார் 35இலிருந்து 39க்கு உயர்ந்தது! இடம் பாதியாயிற்று, வாக்கு பெருகிற்று. முன்னினும் சற்று அதிகமான தொகுதிகளில் நின்றதும் அதற்கொரு காரணம்தான். அதையும் மறைக்கக் கூடாது. கௌரி அம்மா சேர்த்தலையில் வென்றார்.

நிலச் சட்டம் மாற்றங்களோடு 1961இல் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில், முன்னாளில் சென்னை மாநிலத்துத் தென்கன்னட மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஓசதுர்க்கம், காசர்கோடு வட்டங்களின் ரயத்துவாரி நிலங்களுக்கு அச்சட்டம் செல்லாதென உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுபடியும் ஒரு சட்டம் 1963இல். ஒரு குடிசைக்காரன் தன் பத்து சென்டுக்காக எத்தனை அவைகளையும் எத்தனை நீதிமன்றங்களையும் கடக்க வேண்டியிருந்தது, பாருங்கள்!

1964இல் கட்சி பிளவுற்றது. இது கௌரி அம்மாவின் வீட்டுக்குள்ளேயே விழுந்த பிளவு. 1957இல், அமைச்சராக இருந்தபோதே, உடன் அமைச்சரான டி. வி. தாமசை அவர் மணந்திருந்தார். பிளவின்போது இவர் மார்க்சிஸ்ட் கட்சிக்குச் சென்றார். கணவர் பழைய கட்சியிலேயே நின்றார். 1965 தேர்தலில் கௌரி அம்மா அரூரில் வென்றார், வென்றும் என்ன? மார்க்சிஸ்ட் கட்சி தனிப்பெரும் கட்சியாக வந்தும், அதன் உறுப்பினரிற் பலர் சிறைக்குள் இருந்தனர். எவருக்கும் பெரும்பான்மை இல்லையென்று, கூடாமலேயே கலைக்கப்பட்டது அந்தச் சட்டமன்றம். 1967இல் ஏழு கட்சிகளின் முன்னணி 133இல் 117 இடங்களை வாரிக்கொண்டது. மீண்டும் ஈ. எம். எஸ்.; மீண்டும் வருவாய்த்துறையில் கௌரி அம்மா; தொழில்துறையில் தாமஸ். ஒரே அமைச்சரவை, இரு வேறு கட்சிகள், ஒரே மணவாழ்வு. அது நீடிக்கவில்லை. ஒரு குடும்பத்தின் துயரத்தை மேடையிலே விரித்துரைப்பது பண்பாகாது, மேலே செல்கிறேன்.

1969 அக்டோபரில், அந்த ஆட்சி கவிழவிருந்த தறுவாயில், நிலச்சீர்திருத்தத் திருத்த மசோதா நிறைவேறிற்று. 1970 சனவரி முதல் நாள், அச்சுத மேனன் ஆட்சியில் அது நடைமுறைக்கு வந்தது. குத்தகை முறை ஒழிந்தது. குடிகிடப்புக்காரனுக்கு ஊராட்சிப் பகுதியில் பத்து சென்ட், நகராட்சியில் ஐந்து, மாநகரில் மூன்று என மனையுரிமை வந்தது. மசோதாவைக் கொணர்ந்தவர் ஒரு கட்சி, நடைமுறைப்படுத்தியவர் மறு கட்சி. யாருக்குப் பெருமை என்று இரு கட்சியினரும் ஆண்டுக்கணக்கில் வழக்காடினர். குடிசைக்காரன் மட்டும் பத்து சென்டில் தென்னங்கன்று நட்டான்.

ஆயினும் குறையைச் சொல்லாவிட்டால் நான் உங்களுக்கு வகுப்பெடுத்தவனாக மாட்டேன். தோட்டங்களுக்கு அச்சட்டம் விலக்கு அளித்தது. குத்தகைக்காரன் உடைமையாளனானான்; வயலில் இறங்கி உழைத்த தாழ்த்தப்பட்ட தோழனுக்கோ பெரும்பாலும் மனை கிடைத்ததேயன்றி வயல் கிடைக்கவில்லை. இதே சட்டத்தை எதிர்த்து எடநீர் மடத்து அதிபர் கேசவானந்த பாரதி தொடுத்த வழக்கில்தான், 1973இல், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற இயலாது என்ற புகழ்பெற்ற தீர்ப்பு வந்தது என்பதையும் இளைஞர்கள் குறித்துக்கொள்க.

1977இல் அரூர் அவரைக் கைவிட்டது. வென்றவர், கணவரின் கட்சியைச் சேர்ந்த பி. எஸ். சீனிவாசன். தோல்வி வந்த அதே மார்ச்சுத் திங்களில் தாமசும் மறைந்தார். 1980இல் மீண்டும் வென்று, நாயனார் அமைச்சரவையில் வேளாண்மைத் துறை ஏற்றார். 1982இலும் வெற்றி.

இனி 1987. அந்தத் தேர்தலிலே கேரளமெங்கும் ஒரு முழக்கம் ஒலித்தது; கௌரி ஆளட்டும் என்ற பொருள்படும் முழக்கம். மக்கள் கேட்டனர், வாக்களித்தனர், இடதுசாரி முன்னணி வென்றது. முதலமைச்சர் ஆனவர் ஈ. கே. நாயனார். கௌரி அம்மாவுக்குத் தொழில்துறை.

ஏன்? சட்டமன்றக் கட்சித் தலைவரைத் தேர்வது கட்சியின் உரிமை என்பர். அதை நான் மறுக்கவில்லை. நாயனார் மக்கள் நெஞ்சிலே இடம்பெற்ற தலைவர் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் தெருவிலே ஒரு பெயரைச் சொல்லி வாக்குக் கேட்கவிட்டு, வென்றபின் உள்ளே வேறொரு பெயரை எழுதினால், அந்த முழக்கத்தை நம்பி வாக்களித்த கயிற்றுத் தொழிலாளி என்ன நினைப்பாள் என்று கேட்கும் உரிமை தொண்டனுக்கு உண்டல்லவா? இன்றுவரை கேரளத்தில் ஒரு பெண் முதலமைச்சர் ஆனதில்லை. எழுத்தறிவிலே இந்தியாவுக்கே முன்னின்ற மாநிலம் அது!

1991இல் அரூரில் வென்றார். கட்சிக்கும் அவருக்கும் இடைவெளி பெருகிற்று. 1994 தொடக்கத்தில், கட்சி விரோத நடவடிக்கை என்று கூறி அவரை வெளியேற்றினர். அவருக்கு அப்போது வயது 74. நாற்பதாண்டுகளுக்கும் மேலாக அந்தக் கொடியை ஏந்தியவர்! அவர் ஜனாதிபத்திய சம்ரட்சண சமிதி என்ற கட்சியைத் தொடங்கினார்; தம் வாழ்நாளெல்லாம் எதிர்த்த காங்கிரசின் கூட்டணியிலேயே போய்ச் சேர்ந்தார். இதை நான் போற்றவில்லை. நில மசோதாவைக் கொணர்ந்த கை, அதனை எதிர்த்தவர்களோடு இணைந்ததைக் காணும்போது நெஞ்சு சுருங்குகிறது. வெளியேற்றியவர்கள் செய்ததும், வெளியேறியவர் செய்ததும் இரண்டும் என்னை உறுத்துகின்றன. ஆனால் அரூர் மக்களுக்கு அந்த உறுத்தல் இருந்ததாகத் தெரியவில்லை. 1996இல், இடதுசாரி முன்னணி மாநிலத்தை வென்ற தேர்தலிலேயே, அவரையும் வெல்ல வைத்தனர். 2001இலும் வென்றார், அவருடைய கட்சிக்கு நான்கு இடங்கள். ஏ. கே. அந்தோணி, அவருக்குப் பின் உம்மன் சாண்டி ஆகியோர் அமைச்சரவைகளில் 2006 வரை அமைச்சராயிருந்தார்.

இதற்கிடையில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பழங்குடியினர் இழந்த நிலத்தை மீட்டுத் தரும் சட்டம் 1975இல் இயற்றப்பட்டது. விதிகளை எழுதவே 1986 ஆயிற்று. எழுதியபின்னும் நிலம் திரும்பவில்லை. நீதிமன்றம் நெருக்கியபோது, நிலத்தை மீட்பதற்கு மாறாகச் சட்டத்தையே தளர்த்த 1996இல் ஒரு திருத்த மசோதா கொணர்ந்தனர். குடியேறிய உழவர்களின் வாக்கு பெரிது. பழங்குடியினரின் வாக்கு சிறிது. ஆளும் வரிசையும் எதிர் வரிசையும் ஒன்றாயின. 140 பேர் கொண்ட அவையிலே எதிர்த்து நின்றவர் ஒரே ஒருவர். கௌரி அம்மா! அரூரில் மலையில்லை, அவருக்கு அங்கே இதனால் ஒரு வாக்கும் கூடப்போவதில்லை. அந்த மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை; 1999இல் வேறு வடிவில் வேறு சட்டம் வந்தது. 1957இல் வெளியேற்றத்தை நிறுத்திய அதே அம்மையாரை நான் அந்த ஒற்றை எதிர்ப்பில்தான் மறுபடி காண்கிறேன். அமைச்சர் நாற்காலிகளில் அல்ல.

2006இல் அரூரில் மார்க்சிஸ்ட் வேட்பாளர் ஏ. எம். ஆரிஃபிடம் தோற்றார். 2011இல், தொண்ணூற்றொன்றாம் வயதில், தொடங்கிய இடமான சேர்த்தலைக்கே திரும்பி வந்து நின்று, பி. திலோத்தமனிடம் தோற்றார். நிற்காமலிருந்திருக்கலாம் என்று நான் எண்ணுவதுண்டு. அது என் எண்ணம். 2021 மே 11ஆம் நாள் திருவனந்தபுரத்தில், நூற்றோராம் வயதில் காலமானார்.

நேரமாகிவிட்டது. நம் கிளைகளில் வேட்பாளரைத் தேர்வது எப்படி, வெளியேற்றப்பட்டவரின் பேச்சைக் கேட்பது எப்படி என்பவை பற்றி, போன வாரம் இங்கே இரு தோழர்கள் உரக்க வாதிட்டனர். அவர்கள் இருவரும் இன்றும் வந்திருக்கிறார்கள். இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு அவர்களே கேள்விகளைத் தொடங்கலாம்.