அடிமையாய்ப் பிறந்தவர் ஆக்கிய அரிச்சுவடி



உக்ரேனிய மக்கள் தம் தேசியக் கவிஞராகப் போற்றும் தாராஸ் செவ்சென்கோவைப் பற்றி இன்று சில சொல்ல விழைகிறேன்.

கீவ் நகருக்குத் தெற்கேயுள்ள மோரின்ச்சி என்னும் சிற்றூரில், 1814-ஆம் ஆண்டு மார்ச்சு 9-ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் பண்ணையடிமைகள், ஆதலின் பிள்ளையும் பிறக்கும்போதே அடிமை. பன்னிரண்டு வயது நிரம்புமுன் தாயையும் தந்தையையும் இழந்தார். ஆயினும் ஓவியத்தில் அவருக்கிருந்த வேட்கை தணியவில்லை. அதனையறிந்த ஆண்டை, பீட்டர்ஸ்பர்க் நகரில் ஓவியர் ஒருவரிடம் அவரைப் பயிலவிட்டார்.

அங்கே அவருடைய திறமையைக் கண்ட கலைஞர்கள் அவரை மீட்க முனைந்தனர். புகழ்பெற்ற ஓவியரான பிரியுல்லோவ், கவிஞர் ஷுக்கோவ்ஸ்கியின் உருவத்தைத் தீட்டினார். அப்படம் குலுக்குச் சீட்டில் 2,500 ரூபிளுக்கு விற்கப்பட்டது. அத்தொகையே விடுதலையின் விலையாயிற்று. 1838-இல், இருபத்து நான்காம் வயதில், செவ்சென்கோ சுதந்திர மனிதரானார்.

1840-இல் அவருடைய முதற்கவிதை நூலாகிய ‘கோப்சார்’ வெளிவந்தது. கோப்சா என்னும் நரம்பிசைக் கருவியை மீட்டி ஊர்தோறும் பாடித் திரிந்த பாணரையே அப்பெயர் குறிக்கும். எட்டுக் கவிதைகளே கொண்ட சிறு நூல் அது. ஆயினும், குடியானவர் பேச்சென்று கற்றோர் பலர் இகழ்ந்த மொழியில் உயர்ந்த கவிதை பிறக்கக்கூடும் என்பதை அது நிலைநாட்டியது.

மன்னராட்சியையும் அடிமை முறையையும் சாடிய அவர், 1847-இல் கைது செய்யப்பட்டார். சாதாரணப் படைவீரராகத் தொலைதூரப் புல்வெளிக் கோட்டைகளுக்கு அனுப்பப்பட்டார். எழுதவும் கூடாது, வரையவும் கூடாது என்று முதலாம் நிக்கோலஸ் மன்னரே கட்டளையிட்டார். கவிஞரோ கையளவு ஏடுகளில் எழுதித் தம் காலணிக்குள் மறைத்துக் காத்தார். அத்தண்டனை பத்தாண்டுகள் நீடித்தது.

மீண்டு வந்தவர் ஆற்றிய பணிகளுள் ஆசிரியனாகிய என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது ஒன்றுண்டு. ஏழைகள் பயின்ற ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிகளுக்காக உக்ரேனிய மொழியில் ஓர் அரிச்சுவடி இயற்றி, 1861-இல் தம் சொந்தச் செலவில் 10,000 படிகள் அச்சிடுவித்தார். எழுதுகோலைப் பறிகொடுத்தவர், பிறர் கையில் எழுதுகோலைத் தந்தார். பெருங்காவியம் பாடுவதினும் இது சிறிய செயலா? நான் அவ்வாறு கருதேன்.

அவ்வாண்டு மார்ச்சு 10-ஆம் நாள், நாற்பத்தேழாவது பிறந்தநாளுக்கு மறுநாள், அவர் மறைந்தார். பண்ணையடிமை முறையை ஒழிக்கும் ஆணையில் மன்னர் ஒரு வாரத்திற்கு முன்னரே கையொப்பமிட்டிருந்தார். எனினும் அது நாட்டுக்கு அறிவிக்கப்படுமுன் கவிஞரின் கண்கள் மூடின. பீட்டர்ஸ்பர்க்கில் அடக்கம் செய்யப்பட்ட அவரது உடல், இரு திங்களுக்குப்பின் தினிப்ரோ ஆற்றங்கரையிலுள்ள கானிவ் குன்றில் வைக்கப்பட்டது.

இன்று கீவ் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மாணவர்களே! நீங்கள் எளிதிற் பெற்ற எழுத்தறிவு, ஒருவர் தம் வாழ்நாளின் இறுதியில் தம் மக்களுக்கு விட்டுச்சென்ற செல்வம் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். எழுத்தறியாத ஒருவருக்கேனும் நீங்கள் அதனைக் கற்பித்தால், அதுவே அவருக்குச் செய்யும் சிறப்பாகும்.