கஞ்சித் தொட்டியில் மறைந்த முன்னோர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

விழா மேடையில் சாவைப் பற்றிப் பேசலாமா என்று முதலில் தயங்கினோம். ஆயினும், பெங்களூர்த் தமிழர் யாவரும் ஆண்டுக்கு ஒருமுறை கூடும் இந்நாளில், நமக்கு முன்னே இவ்வூரை நாடி வந்து பெயரின்றி மறைந்தவர்களை நினையாதிருப்பது முறையன்று.

நாம் இங்கு வந்த வரலாற்றை எவ்வாறு சொல்லி மகிழ்கின்றோம்? 1809இல் தண்டு அமைந்தது, பட்டாளத்தோடு வந்தோம். 1864இல் ஜோலார்ப்பேட்டையிலிருந்து தண்டு வரை இருப்புப்பாதை போடப்பட்டது. வேலையும் வாணிகமும் தேடி வந்தோம். இவை பெருமையுடன் சொல்லத்தக்கவையே. ஆனால் நம்மவர் வந்த வழி இன்னொன்றும் உண்டு. அது பசி காட்டிய வழி.

1876இல் தொடங்கிய கொடும் பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்வர். சேலம், வட ஆர்க்காடு முதலிய ஜில்லாக்களும் மைசூர்ச் சீமையும் ஒருங்கே வறண்டன. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மைசூர்ச் சீமையின் மக்கள் 50 இலட்சத்து 55 ஆயிரம் பேர். 1881இல் 41 இலட்சத்து 86 ஆயிரம் பேர். பத்தாண்டில் பெருகியிருக்க வேண்டிய மக்கள்தொகை ஆறில் ஒரு பங்கு குறைந்துபோயிற்று.

அக்காலத்தில் மைசூர் ஆங்கிலேயக் கமிஷனர்களின் ஆட்சியில் இருந்தது. நிவாரண முகாம்களும் கஞ்சித் தொட்டிகளும் திறக்கப்பட்டன. உழைக்க வலுவுள்ளோர்க்கு மண் வெட்டும் வேலை கொடுத்தார்கள். பெங்களூரிலிருந்து மைசூருக்குச் செல்லும் இருப்புப்பாதைக்கு மண் சுமந்தவர்கள் பஞ்சத்தில் அடிபட்ட மக்களே. சென்னை மாகாணத்திலோ, நாள் முழுதும் உழைத்தவனுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று 1877இல் ரிச்சர்டு டெம்பிள் கூலியைக் குறைத்தார். அது உயிர் தாங்கப் போதாது என்று சுகாதார அதிகாரி கார்னிஷ் வாதிட்டார்.

இவற்றையெல்லாம் நாம் அறிவது எப்படி? மைசூர்ப் பஞ்சக் கமிஷனராயிருந்த எலியட் அறிக்கை எழுதினார். சென்னைப் பத்திரிகையாசிரியர் வில்லியம் டிக்பி 1878இல் இரண்டு தொகுதிகள் வெளியிட்டார். அவற்றில் எத்தனை பேருக்குக் கஞ்சி வார்த்தனர், எவ்வளவு தானியம் வந்தது என்ற கணக்குகள் நிரம்பியுள்ளன. ஹூப்பர் என்னும் பட்டாள அதிகாரி எடுத்த பஞ்ச கால நிழற்படங்களும் உள்ளன. கணக்கு உண்டு, முகமும் உண்டு, பெயர்தான் இல்லை.

அதே முடியாட்சியின் கீழிருந்த ஸ்காட்லாந்தைப் பாருங்கள். அங்கும் ஏழைகளை அடைத்து வைத்த ஏழையர் விடுதிகள் இருந்தன. அங்கும் அவற்றில் இறப்பதை இழிவென்றே எண்ணினர். ஆயினும் 1855 முதல் அந்நாட்டு இறப்புப் பதிவேட்டில், இறந்தவர் பெயரோடு தாய் தந்தையர் பெயரும் எழுதப்பட்டது. ஆதலால் ஏழையர் விடுதியில் மாண்ட பாட்டனையும் பேரன் இன்று தேடிக் கண்டடைகின்றான். நம்மவர்க்கு அந்த ஒரு வரியும் கிட்டவில்லை.

எங்கள் குடும்பத்திலேயே ஒரு செய்தி உண்டு. கொள்ளுப் பாட்டனாரின் தமையன் ஒருவர், "பெங்களூர்ப் பக்கம் போனார், வரவில்லை" என்பதே அது. கஞ்சித் தொட்டிக்குத்தான் போனார் என்பதைப் பாட்டியார் தம் இறுதி நாளில்தான் வாய்விட்டுச் சொன்னார். அத்தனை காலமும் அதை மறைத்தது வெட்கம். பசித்தவன் கையேந்தியதில் என்ன வெட்கம் இருக்கின்றது? ஏட்டில் பெயர் எழுதாதவர் செய்த பிழை பாதி. வீட்டில் பெயர் சொல்லாத நாம் செய்த பிழை மீதி.

இன்னும் தேடலாம். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், இங்கே விதான சௌதாவில் கர்நாடக ஆவணக் காப்பகமும் உள்ளன. சொந்த ஊரின் பழைய நிலக் கணக்கில், பஞ்சத்திற்கு முன்னிருந்த பெயர் பின்னர் மறைந்திருக்குமானால் அதுவும் ஒரு தடயமே. கிறித்தவக் குடும்பத்தினர் தேவாலயத்து அடக்கப் பதிவேடுகளைப் பார்க்கலாம். இவை எல்லாவற்றினும் முதன்மையானது, வீட்டிலுள்ள முதியோரிடம் இன்றே கேட்டு எழுதி வைப்பது. காகித ஏடு காத்திருக்கும். முதியோர் நினைவு காத்திராது.

மகாளய அமாவாசையன்று மூன்று தலைமுறையைப் பெயர் சொல்லி அழைத்து எள்ளும் நீரும் இறைக்கின்றோம். தாது வருஷத்தார் அந்த மூன்றுக்கும் அப்பால் போய்விட்டார்கள். அவர்களுக்கு நாம் இறைக்கத்தக்க நீர், அவர்தம் பெயரைத் தேடி எழுதுவதே. அடுத்த ஆண்டு விழாவுக்கு வரும்போது ஒவ்வொரு குடும்பமும் ஒரு பெயரேனும், பெயர் கிட்டாவிடில் "போனார், வரவில்லை" என்ற ஒரு வரியேனும் எழுதிக் கொணர வேண்டுகின்றோம். நம் மலரில் அவற்றிற்குச் சில பக்கங்கள் ஒதுக்குவோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!